முதியோர் வகுப்பில் பின்வரிசையில் உட்காருபவருக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ணகிரி 71.46. மாநிலச் சராசரி அப்போதே 80ஐத் தொட்டிருந்தது. அந்த இடைவெளியில் இருப்பவர்கள் யார் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பென்னாகரத்திலும் சித்தேரி மலையிலும் அஞ்செட்டிப் பக்கத்திலும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாமல் மாட்டோடும் காட்டோடும் வளர்ந்த பெண்கள்தான் அதில் பெரும்பகுதி.

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் (2022–27) 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வகுப்புகள் நடக்கின்றன. ஒரு மையத்துக்கு ஏறக்குறைய 20 பேர், ஒரு தன்னார்வலர், ஆறு மாதம், 200 மணி நேரம். சம்பளம் கிடையாது. அந்தத் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊரில் பன்னிரண்டாவது முடித்த பெண், அல்லது மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர். குறுகிய பயிற்சி ஒன்று கொடுப்பார்கள். அதன்பின் அவர் தனியாள். பார்வையிட வருபவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, ஒரு படம் எடுத்து, "நல்லா நடத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்.

இந்தப் பதிவு அப்படி வருபவருக்காக. ஆசிரியர் பயிற்றுநரோ, தலைமையாசிரியரோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. உங்கள் கண் பாடம் நடத்தும் அந்தத் தன்னார்வ ஆசிரியர் மேல் இருக்கக் கூடாது, கற்போரின் கைகள் மேல் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேச வேண்டும். மீதி எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

வகுப்புக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

புதிய ஆசிரியர் "இவங்களுக்கு மனசுல நிக்கவே மாட்டேங்குது" என்று சொன்னால் முதலில் கண்ணைச் சந்தேகப்படுங்கள். நாற்பதைத் தாண்டினாலே கண்ணின் வில்லை இறுகத் தொடங்கிவிடும். அதுதான் வெள்ளெழுத்து. அதுவரை நெருங்கிப் பார்த்துச் செய்யும் வேலையே இல்லாதவர்களுக்கு அது வந்ததே தெரிந்திருக்காது. சோதிப்பது எளிது. பாடநூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள தூரத்தில், அதாவது ஏறக்குறைய 40 செ.மீ.யில், பிடிக்கச் சொல்லுங்கள். கையை நீட்டிக்கொண்டோ தலையைப் பின்னுக்கு இழுத்தோ பார்த்தால் கண்ணாடி வேண்டும். எழுத்தே தெரியாதவருக்கு "எது தெரிகிறது?" என்ற கேள்வி பயன்படாது. ஒரு சின்ன வட்டத்தையும் ஒரு சின்னச் சதுரத்தையும் வரைந்து எது எது என்று கேளுங்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கண் மருத்துவ உதவியாளரைப் பார்க்கச் சொல்லலாம், ஊருக்குள் கண் முகாம் வந்தால் மொத்தமாக அழைத்துப் போகலாம். இதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால், அதற்குள் "எனக்கெல்லாம் இனி ஏறாதும்மா" என்ற முடிவுக்கு அவர் வந்திருப்பார். அதை மாற்றுவது கண்ணாடி வாங்குவதைவிடக் கடினம்.

பலகையில் எழுத்து உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும். ராத்திரி வகுப்பில் ஒரே குழல்விளக்கு கற்போரின் முதுகுப் பக்கம் இருந்தால் அவரவர் நிழல் அவரவர் நோட்டில் விழும். பாயைத் திருப்பிப் போட்டாலே போதும். வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அறுபது வயதானவரைச் சுவர் ஓரமாக, சாய்ந்துகொள்ள இடம் விட்டு உட்கார வையுங்கள். அங்கன்வாடியின் குட்டி நாற்காலிகள் வேண்டவே வேண்டாம். மூட்டுவலியும் வரும், மானமும் போகும்.

வகுப்பு எங்கே நடக்கிறது என்பதையும் கேளுங்கள். இது கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை. கோயில் மண்டபத்தில் நடந்தால் ஊரில் யாரெல்லாம் அந்தப் படி ஏற மாட்டார்கள், யாரை ஏற விடமாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். பதிவேட்டில் காலனிக்காரர்கள் பெயர் இருந்து ஆள் வரவில்லை என்றால் காரணம் சோம்பல் அல்ல. பள்ளிக்கூடம், நூலகக் கட்டடம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்து மரநிழல் இவையெல்லாம் பொது. இடத்தை மாற்றும் பேச்சை அந்த இருபது வயதுப் பெண் தலையில் கட்டாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள்.

பின்வரிசையில் என்ன எழுத வேண்டும்

ஆசிரியருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நீங்கள் அதிகாரி. கற்போருக்கு நடுவே பாயில் உட்கார்ந்தால்தான் பார்க்க வேண்டியது தெரியும். ஒரு நோட்டு போதும். நடுவே ஒரு கோடு போட்டு இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் கற்போர் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று குறியுங்கள். "பாடம் நன்றாக இருந்தது" என்பது குறிப்பு அல்ல. "7.20: ஆறு பேர் எழுதினார்கள், நான்கு பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதினார்கள், இரண்டு பேர் பென்சிலே எடுக்கவில்லை" என்பதுதான் குறிப்பு.

மூன்று விஷயங்களை எண்ணலாம். ஆசிரியரின் குரல் மட்டும் கேட்ட நேரம் எத்தனை நிமிடம். ஒருமுறையாவது வாய் திறந்தவர்கள் எத்தனை பேர். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார். மூன்றாவது மிகவும் முக்கியம். பள்ளி ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே பதிலின் நீளமும் பதில் சொல்பவர்களின் எண்ணிக்கையும் கூடுகின்றன என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டினார். அது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. வாழ்நாள் முழுவதும் "உனக்கென்ன தெரியும்" என்று கேட்டே பழகியவருக்கு மூன்று நொடியும் போதாது. மனசுக்குள் ஐந்து எண்ணச் சொல்லுங்கள். அந்த அமைதியைத் தாங்குவதுதான் புதிய ஆசிரியருக்குக் கடினமான பயிற்சி.

கைகளையும் பாருங்கள். களைக்கொத்தும் அரிவாளும் பிடித்த கை பென்சிலையும் அதே இறுக்கத்தில் பிடிக்கும். முனை ஒடியும், தாள் கிழியும், பத்து நிமிடத்தில் கட்டைவிரல் வலிக்கும். மெல்லிய எச்.பி. பென்சிலை விட்டு 2பி கொடுங்கள், அல்லது முதல் வாரம் முழுவதும் தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதட்டும். தோளிலிருந்து வரும் அசைவு மெதுவாக விரலுக்கு இறங்கி வரும். கோடு போட்ட நோட்டை முதல் நாளே நீட்டினால் அந்தக் கோட்டுக்குள் அடைப்பதிலேயே கவனம் போய்விடும். எழுத்து மனதில் ஏறாது.

அ, ஆவில் தொடங்க வேண்டாம்

நாம் அதிகம் சரிசெய்ய வேண்டிய பழக்கம் இது. ஆசிரியர் தான் ஒன்றாம் வகுப்பில் படித்த வரிசையிலேயே தொடங்குவார். அ, ஆ, இ எல்லாம் தமிழில் மிகவும் சுழிகள் உள்ள எழுத்துகள். கை பழகாதவருக்கு முதல் நாளே அவற்றைக் கொடுப்பது சரியல்ல. மேலும் பன்னிரண்டு உயிரெழுத்தும் கற்று முடித்தாலும் அவற்றை மட்டும் வைத்து, ஈ போன்ற ஓரிரண்டைத் தவிர, ஒரு உருப்படியான சொல்லை எழுத முடியாது. 247 எழுத்து என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் அடுத்த நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ட, ப, ம மூன்றிலும் நேர்கோடுதான் அதிகம். புள்ளியைச் சேர்த்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். அடுத்து துணைக்கால்: பாடம், மாமா, பட்டா. அதற்கடுத்து இகரக் கொக்கி: படி, மாடி, பாட்டி. பிறகு டகரத்துக்கு மட்டும் உகரம்: மாடு, பட்டு, பாட்டு. மூன்று எழுத்து, ஒரு புள்ளி, மூன்று குறிகள். இரண்டு வாரத்தில் ஒருவர் பட்டா என்பதையும் பட்டு என்பதையும் தானே படித்துவிடுவார். பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகம் அலைந்தவரும், பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவரும் அந்தச் சொற்களைப் பார்க்கும்போது முகத்தில் ஒரு மாற்றம் வரும். அந்தக் கணத்தை ஆசிரியர் கவனித்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தடுமாறும் இடங்களையும் ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உகரக் குறி எல்லா எழுத்துக்கும் ஒன்றல்ல. டு, மு, ரு ஒரு வகை, பு, வு, யு ஒரு வகை, கு தனி. வாய்பாடு மாதிரி மொத்தமாகக் கொடுத்தால் குழம்பும், சொல்லோடு சொல்லாகத்தான் வர வேண்டும். ஒற்றைக்கொம்பு இன்னொரு சிக்கல். "பெட்டி" என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது பகரம், கண்ணில் முதலில் படுவது கொம்பு. அதனால் பலர் பகரத்தை எழுதிவிட்டுக் கொம்பை அதற்குப் பின்னால் போடுவார்கள். அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. தப்பு என்று அடிக்காமல், இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுப் பகரத்தை எழுதி, பிறகு அந்த இடத்தில் கொம்பைப் போடச் சொல்லலாம். கை பழகியபின் வரிசை தானாக மாறும். கொ, கோ இரண்டும் அதற்கும் பிறகுதான். அச்சில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் ஒரு சிறு கோடு மட்டுமே என்பதால் "பாரம்" போன்ற சொற்களில் நின்றுவிடுவார்கள். அங்கே திட்டக் கூடாது, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும்.

கணக்கில் நிலைமையே வேறு. கற்போருக்குக் கணக்குத் தெரியும், எழுதத்தான் தெரியாது. 363 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய் நோட்டு நீட்டியவர், மீதியை மனசிலேயே சரிபார்த்துவிடுவார்: ஏழு போட்டால் 370, முப்பது போட்டால் 400, நூறு போட்டால் 500, ஆக 137. ஆசிரியர் இதைக் கவனிக்காமல் "கடன் வாங்கிக் கழித்தல்" என்று ஆரம்பித்தால், தெரிந்த கணக்கும் தெரியாதது போல ஆகிவிடும். அவர் வாயால் சொன்ன அதே படிகளைப் பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுவதே முதல் பாடம். கைப்பேசியில் எண் அழுத்தத் தெரிந்தவருக்கு 0 முதல் 9 வரை ஏற்கெனவே கண்ணுக்குப் பழக்கம். தசமப் புள்ளிக்குப் பால் சொசைட்டி அட்டை இருக்கிறது. கொழுப்பு 4.2 என்பதற்கும் 4.5 என்பதற்கும் காசில் வித்தியாசம் வரும் என்பதால் யாரும் கவனம் தவறமாட்டார்கள். மகளிர் குழுப் பாஸ்புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, தர்மபுரி பேருந்து நிலையத்துப் பெயர்ப்பலகைகள், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை விலை எல்லாமே பாடநூல்தான்.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடும் நாள் பெரிய நாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெயரைக் கோலம் மாதிரி வரையப் பழக்கிவிட்டு, மேலே எழுதியிருப்பதைப் படிக்கப் பழக்காவிட்டால் அவரை ஆபத்தில் தள்ளுகிறோம். நுண்கடன் படிவத்தில் எங்கே தொகை, எங்கே தவணை, எங்கே வட்டி என்று பார்க்கத் தெரிந்த பிறகு போடும் கையெழுத்துதான் கையெழுத்து. இரண்டையும் சேர்த்தே கற்பிக்க ஆசிரியரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்தபின் இருபது நிமிடம்

அன்றைக்கே பேச வேண்டும், கற்போர் போனபிறகு பேச வேண்டும். அவர்கள் முன்னால் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். நேற்றுவரை "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர்கள் இன்று "டீச்சர்" என்கிறார்கள். அந்த மரியாதைதான் அந்தப் பெண்ணின் ஒரே சம்பளம். நடுவில் சாக்பீஸைப் பிடுங்கி நீங்கள் நடத்தத் தொடங்குவதும் அதே கெடுதலைச் செய்யும். செய்து காட்ட வேண்டியிருந்தால் முன்னமே பேசிவைத்துப் பத்து நிமிடம் மட்டும் நடத்துங்கள், அந்தப் பத்து நிமிடம் அவர் உங்கள் பாயில் உட்கார்ந்து குறிப்பு எழுதட்டும்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"இன்னைக்கு எப்படி இருந்துச்சும்மா?"

"யாருமே பதில் சொல்லலைங்க சார். நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"நான் குறிச்சு வெச்சதைப் படிக்கிறேன். 7.10க்கு, 'இது என்ன எழுத்து'ன்னு கேட்டீங்க. உடனே நீங்களே 'மா'ன்னு சொல்லிட்டீங்க. அப்போ செவுத்தோரம் இருந்த ஆயா வாயைத் திறந்தாங்க, மூடிக்கிட்டாங்க. பார்த்தீங்களா?"

"இல்லைங்களே."

"நாளைக்கு என்ன மாத்திப் பார்க்கலாம்?"

கடைசிக் கேள்விக்குப் பதில் அவரிடமிருந்துதான் வர வேண்டும். அங்கேயும் ஐந்து எண்ணுங்கள். அவர் சொல்லும் மாற்றம் உங்களுக்குத் தோன்றியதைவிடச் சிறியதாக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தான் சொன்னதை அவர் செய்வார், நீங்கள் சொன்னதை நீங்கள் வரும் நாளில் மட்டும் செய்வார். அந்த ஒன்றை இருவர் நோட்டிலும் எழுதி, அடுத்த முறை வந்ததும் அதை மட்டும் பாருங்கள். குறை ஏழு கண்ணில் பட்டிருக்கும். ஏழையும் சொன்னால் அவர் நினைவில் நிற்பது "நான் லாயக்கில்லை" என்பது மட்டும்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கற்போரை அவமானப்படுத்தும் எதையும் அடுத்த வருகைவரை தள்ளிப்போடக் கூடாது. வயதில் மூத்தவரை "நீ, வா, போ" என்பது, சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவது, ஒருவரை மட்டும் எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்வது, மாமியார் எதிரில் மருமகளைப் பாராட்டி மாமியாரோடு ஒப்பிடுவது போன்றவை. ஆசிரியர்கள் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, தங்களுக்கு வகுப்பில் நடந்ததைத் திருப்பிச் செய்கிறார்கள். "அம்மா", "அக்கா", "ஐயா" என்று வீட்டில் கூப்பிடும் அதே முறையில் வகுப்பிலும் கூப்பிடச் சொல்லுங்கள். படிக்கச் சொல்வதை இரண்டிரண்டு பேராகச் செய்யச் சொல்லுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை போக வேண்டும், பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை போதும். வத்தல்மலைக்கும் அரூருக்கும் பேருந்து நேரம் பார்த்துப் போகும் ஒருவர் எட்டு மையத்துக்கு மேல் ஏற்றால் மறுபடி பதிவேடு புரட்டும் வேலைதான் நடக்கும். தளி, வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் கற்போர் இருப்பார்கள். அங்கே முதலில் அவர்கள் மொழியிலேயே பேசவிட்டுப் பிறகு தமிழ்ச் சொல்லைப் பலகைக்குக் கொண்டுவர ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும்.

ஆள் குறையும்போது

குறையத்தான் செய்யும். புளி தட்டும் காலத்தில் ராத்திரிவரை வேலை இருக்கும். மாங்காய்ச் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் ஷிப்ட் ஓடும். குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் திருவிழாவுக்குத்தான் திரும்புவார்கள். 200 மணி நேரத்தை ஆறு மாதத்துக்குச் சமமாகப் பிரித்துப் போட்ட அட்டவணை இங்கே நிற்காது. தொடக்கத்திலேயே ஆசிரியரோடு உட்கார்ந்து, அந்த ஊரின் வேலை நாட்களையும் திருவிழாவையும் நாள்காட்டியில் குறித்து, சும்மா இருக்கும் வாரங்களில் கூடுதல் மணி நேரத்தை வையுங்கள்.

ஒருவர் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் போனால் வெட்கம் வேரூன்றிவிடும். ஆசிரியர் தனியாகப் போவதைவிட அவரோடு பக்கத்தில் உட்காரும் கற்போரையும் கூட்டிப் போவது நல்லது. "ஏன் வரலை?" என்று தொடங்க வேண்டாம், வகுப்பில் நேற்று என்ன நடந்தது என்று சொல்லட்டும். வந்திருக்கும் ஒன்பது பேரிடம் வராத பதினொரு பேரைப் பற்றிக் குறை சொல்வதை மட்டும் ஆசிரியர் நிறுத்தினாலே அந்த ஒன்பது பேர் நிலைப்பார்கள்.

திரும்பி வந்தவரும் விடாமல் வந்தவரும் ஒரே அறையில் இருப்பதால் மூன்று நிலை உருவாகும். பள்ளியில் மூன்றாவது, நான்காவதுவரை படித்து மறந்தவர்கள் வேகமாக எழுந்துவிடுவார்கள். அவர்களை எப்போதும் துணை ஆசிரியராக்கிவிடுவது ஆசிரியருக்கு வசதி. ஆனால் அவர்களும் படிக்க வந்தவர்கள். ஒன்றரை மணி வகுப்பென்றால் முதல் 20 நிமிடம் எல்லோரும் சேர்ந்து பேச்சும் புதுச் சொல்லும், அடுத்த 40 நிமிடம் மூன்று வட்டம், பிறகு 20 நிமிடம் கணக்கு, கடைசிப் பத்து நிமிடம் அன்று தானாக எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுவது. ஆசிரியர் எந்த வட்டத்தில் அதிக நேரம் உட்காருகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் நன்றாகப் படிப்பவர்களோடுதான் இருப்பார்.

ஆறு மாத முடிவில் தேர்வு வரும். வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண். அதற்கு முந்திய இரண்டு வாரம், வினாத்தாள் எப்படி இருக்கும் என்பதைத் தவிர வேறு புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். கட்டத்துக்குள் டிக் போடுவது, கோடிட்ட இடத்தை நிரப்புவது, பொருத்துவது இவையெல்லாம் நமக்குத்தான் சாதாரணம். தேர்வுக்குப் பிறகு மையத்தைப் பூட்டிவிடாமல் வாரத்தில் ஒரு மாலை மட்டும் அறையைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். செய்தித்தாள், வந்த கடிதம், வங்கிச் செய்தி, பிள்ளையின் முன்னேற்ற அட்டை என எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து அங்கே படிக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பழக்கம் விட்டுப்போனால் சில மாதங்களிலேயே மறந்துவிடுவார். அந்த மாலையை நடத்துவதற்குத் தன்னார்வலரே வேண்டும் என்பதில்லை. கற்போரில் ஒருவரிடம் சாவியைக் கொடுக்கலாம். தன்னார்வலர் அடுத்த மையத்தைத் தொடங்கும் முன், பக்கத்து ஊர் வகுப்பில் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக் குறிப்பெழுதட்டும். அதற்கான பேருந்துக் காசை நீங்கள் கொடுங்கள்.